ஃபிராங்கி நக்கிள்ஸ்: பெயர் எதில் வந்தது, காசு எதில் வந்தது? ஹவுஸ் டிஜே, புரொடியூசர் தொழில் பற்றி ஒரு விவாதம்

#1 தாளக்கட்டு

ஃபிராங்கி நக்கிள்ஸ் என்றாலே "ஹவுஸின் தந்தை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். (ஹவுஸ் என்பது டிஸ்கோவிலிருந்து சிகாகோ கிளப்களில் கிளைத்த ஆட்ட இசை.) அந்த மனிதர் நாற்பது ஆண்டுகள் இதே தொழிலில் எப்படி நிலைத்தார் என்று பிரித்துப் பார்க்க இந்த இழை. டிஜே ஆக வேண்டும், சொந்தமாக ட்ராக் செய்ய வேண்டும் என்று இறங்குகிறவர்களுக்கு இவரைவிட நல்ல பாடம் கிடையாது என்பது என் எண்ணம்.

சட்டகம் மட்டும் போடுகிறேன். நியூயார்க் பிராங்க்ஸில் 1955 ஜனவரி 18 அன்று பிறந்தவர். நண்பர் லாரி லெவனோடு சேர்ந்து கேலரி, கான்டினென்டல் பாத்ஸ் ஆகிய இடங்களில் தொழில் பழகினார். 1977-ல் வேர்ஹவுஸ் கிளப்பின் உரிமையாளர் ராபர்ட் வில்லியம்ஸ் அழைப்பின்பேரில் சிகாகோ போனார். 206, தெற்கு ஜெஃபர்சன் தெருவில் இருந்த வேர்ஹவுஸில் 1982 வரை வாசித்தார். கிளப் நுழைவுக் கட்டணத்தை ஏற்றியதால் கூட்டத்தின் தன்மை மாறியபோது வெளியேறி, 1983-ல் பவர் பிளான்ட் என்று சொந்தமாக ஒரு கிளப் தொடங்கினார். 1980களின் நடுவில் ட்ராக்ஸ் (Trax) என்ற சிகாகோ இசைத்தட்டுக் கம்பெனியில் பதிவுகள். பிறகு நியூயார்க் திரும்பி, ஜூடி வைன்ஸ்டீனும் டேவிட் மொராலஸும் தொடங்கிய டெஃப் மிக்ஸ் என்ற ரீமிக்ஸ் அணியில் சேர்ந்தார் (ரீமிக்ஸ் என்றால் ஒருவர் பாட்டை இன்னொருவர் புது வடிவில் செய்வது). 1991-ல் வெர்ஜின் கம்பெனியில் முதல் ஆல்பம். 1998-ல் கிராமி விருதில் அந்த ஆண்டு புதிதாக வந்த "ஆண்டின் சிறந்த ரீமிக்ஸர்" பிரிவின் முதல் விருது. 2014 மார்ச் 31 அன்று மறைவு.

என் வாதம் இது. பெயர் வந்தது ஒரே அறையில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வாசித்ததால். காசும் நீடிப்பும் வந்தது டெஃப் மிக்ஸ் என்ற அமைப்பால். இடையில் வந்த, எல்லோரும் இன்று கொண்டாடுகிற அந்த சிகாகோ பதிவுகள் இந்த இரண்டையும் ஒழுங்காகத் தரவில்லை. மறுப்பவர்கள் மறுக்கலாம். ஆனால் தேதியோடும் வேலை நுணுக்கத்தோடும் பேசுவோம்.

#2 ரீல்நாடா

முதல் பாதியை ஏற்கிறேன். ஆனால் "வாசித்தார்" என்ற சொல்லுக்குள் ஒரு பெரிய வேலை ஒளிந்திருக்கிறது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோ கோமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்த கூத்துக்குப் பிறகு அமெரிக்கக் கம்பெனிகள் டிஸ்கோவைக் கைகழுவின. வாரந்தோறும் வரும் கூட்டத்துக்குப் புது ஆட்டப்பாட்டு போதவில்லை. இருக்கிற பாட்டையே நீட்டி, மாற்றி, வேறு பாட்டாக்க வேண்டிய கட்டாயம். ரீல் டேப்பில் வெட்டி ஒட்டுவது அங்கேதான் வந்தது. புரொடியூசர் வேலை அப்போதே தொடங்கிவிட்டது.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று அளவோடு சொல்கிறேன். கால் அங்குல டேப், நொடிக்கு 38 செ.மீ. வேகம். பாட்டு நிமிடத்துக்கு 120 பீட் என்றால் ஒரு பீட் அரை நொடி, அதாவது 19 செ.மீ. டேப். ஒரு பார், அதாவது நாலு பீட், 76 செ.மீ. எட்டு பார் ஆறு மீட்டருக்குச் சற்று மேல். வீட்டு டெக்கில் 19 செ.மீ. வேகம்தான் இருக்கும், எல்லாம் பாதியாகும்.

ரீலைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, கிக் (பெரிய டிரம்மின் அடி) தொடங்கும் இடத்தை, டேப்பைப் படிக்கும் பிளேபேக் ஹெட்டுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். டேப்பின் முதுகுப் பக்கம் மெழுகுப் பென்சிலால் குறி. அந்தக் குறிக்கு நாலைந்து மில்லிமீட்டர் முன்னால் வெட்டு. 38 செ.மீ. வேகத்தில் 5 மி.மீ. என்பது 13 மில்லிசெகண்டுதான், காதுக்குத் தெரியாது. குறிக்கு மேலேயே வெட்டினால் கிக்கின் முனை போய்விடும், அடி "தொப்" என்று மழுங்கும்.

கெடுகிற இடங்கள்:

ஒன்று, பிளேடு காந்தமேறியிருந்தால் ஒவ்வொரு ஒட்டிலும் "டிக்" கேட்கும். காந்தம் நீக்கும் கருவியில் காட்டிவிட்டுத்தான் தொட வேண்டும்.

இரண்டு, 45 டிகிரிச் சரிவு வெட்டு. மென்மையாகச் சேரும் என்று எல்லோரும் அதையே சொல்லித் தருவார்கள். கால் அங்குல டேப்பில் அந்தச் சரிவு 6.35 மி.மீ. நீளம் பரவும். 38 செ.மீ. வேகத்தில் அது 17 மில்லிசெகண்டு, 19-ல் 33. ஸ்டீரியோ டேப்பில் ஒரு பக்கம் முன்னால் மாறும், மறு பக்கம் பின்னால் மாறும். கிக் மேலே இது விழுந்தால் அடி ஒரு கணம் இடமிருந்து வலம் ஓடுவதுபோல இருக்கும். மெதுவான டெக்கில் கிக்கில் ஒட்டும்போது நேர் வெட்டே நல்லது.

மூன்று, சாதாரண ஒட்டுநாடா. பசை வழிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும், ஹெட்டையும் பாழாக்கும். ஒட்டுவதற்கென்றே வரும் நாடா டேப்பைவிடச் சற்று அகலம் குறைவு, ஓரத்தில் பசை வராமலிருக்கத்தான் அப்படி.

ஒரே நான்கு பாரை எட்டு முறை வர வைக்க வேண்டுமானால் டேப்பிலிருந்து டேப்புக்கு எடுக்கக் கூடாது. ஒவ்வொரு தலைமுறைக்கும் இரைச்சல் ஏறும். தட்டிலிருந்தே எட்டு முறை நேராகப் பதிந்து, பிறகு வெட்ட வேண்டும். அப்போது டர்ன்டேபிள் பிட்ச் ஒரு மயிரிழைகூட அசையக் கூடாது.

#3 நிலவொளி

அருமையான விளக்கம் ஐயா. ஒரு சந்தேகம். டிஸ்கோவில் டிரம்ஸ் ஆள் வாசித்தது, டெம்போ நிலையாக இருக்காது. நக்கிள்ஸ் பவர் பிளான்ட்டில் 909 டிரம் மெஷினைப் பாட்டுக்கு அடியில் ஓட்டினார் என்று படித்திருக்கிறேன். அது எப்படிச் சேர்ந்து போகும்?

#4 தாளக்கட்டு

சேர்ந்து போகாது, பிடித்துவைக்க வேண்டும். டெட்ராய்டிலிருந்து வந்த டெரிக் மே அவருக்கு ரோலண்ட் டிஆர்-909 ஒன்றை விற்றார் என்பது பதிவான செய்தி. அதை மேடையில் வைத்து, தட்டின் கிக் பலவீனமாக இருந்த இடங்களில் அடிக்கு அடி சேர்த்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். மெஷின் 120, தட்டு 120.5 என்று வைத்துக்கொள்வோம். 32 பாரில், அதாவது ஒரு நிமிடம் நாலு நொடியில், இடைவெளி 0.27 நொடி ஆகிவிடும். அரை பீட்டுக்கு மேல் விலகல், அடி முழுக்கக் குப்புற விழும். வித்தியாசம் 0.1 மட்டும் என்றாலும் அதே 32 பாரில் 53 மில்லிசெகண்டு. இரட்டை அடி தெளிவாகக் கேட்கும்.

ஆகவே மூன்று விதி. மெஷினின் டெம்போவைத் தொடாதே, தட்டின் பிட்ச் ஸ்லைடரை மட்டும் நகர்த்து, ஏனென்றால் அலைகிறது தட்டுதான். எட்டு பாருக்கு ஒரு முறை திருத்து, விலகல் கேட்ட பிறகு திருத்தினால் அது தாமதம். மெஷினின் கிக்கையும் தட்டின் கிக்கையும் ஒரே சத்தத்தில் வைக்காதே, ஒன்று முன்னால், ஒன்று பின்னால்.

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2-வின் பிட்ச் வீச்சு கூட்டல் கழித்தல் 8 சதவீதம். 120 பாட்டு 110.4-லிருந்து 129.6 வரை போகும். நடுவில் "டிக்" என்று உட்காரும் இடத்தைச் சுற்றி ஸ்லைடர் மந்தமாக வேலை செய்யும். நுணுக்கமாகத் திருத்த வேண்டிய பாட்டு அந்த நடுப்பகுதியில் விழாதபடி, தொடங்கும் முன்பே மெஷின் டெம்போவை 2, 3 பீட் தள்ளி வைப்பது நல்ல பழக்கம்.

இன்னொன்று. 909 கிக்கில் "டியூன்" என்ற குமிழ் கிக்கின் சுருதியை மாற்றுகிறது என்று நிறைய பேர் நம்புகிறார்கள். அது மாற்றுவது சுருதி எவ்வளவு வேகமாகக் கீழே இறங்குகிறது என்பதை. அடி உட்காரும் கடைசி சுருதி பெரிதாக மாறாது. பேஸ்லைன் (கீழ்ச்சுருதியில் ஓடும் வரி) எந்த சுருதியில் இருக்கிறதோ அதற்குக் கிக்கை ஒத்துவைக்கிறேன் என்று அந்தக் குமிழோடு போராடுவது வீண். பேஸ்லைனை நகர்த்துங்கள், இல்லையென்றால் கிக்கை சாம்பிளரில் (ஒலித்துண்டைப் பதிந்து வாசிக்கும் கருவி) ஏற்றி மாற்றுங்கள்.

#5 ஸ்கார்பரோவான்

அறையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லையே. வேர்ஹவுஸின் ஒலியமைப்பு ரிச்சர்ட் லாங் செய்தது. நியூயார்க்கில் பாரடைஸ் கராஜுக்குச் செய்த அதே ஆள். அதை விட்டுப்போட்டு நக்கிள்ஸின்ட மிக்ஸிங்கை விளங்கிக்கொள்ளேலாது.

அந்தக் காலத்து போசாக், யூரி மாதிரி ரோட்டரி மிக்ஸர்களில் இப்போது இருப்பது போல சேனலுக்கு மூன்று ஈக்யூ குமிழ் (கீழ், நடு, மேல் சத்தத்தைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பது) கிடையாது. சத்தத்தைக் கீழ், மேல் என்று பிரிச்சு ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிற கிராஸ்ஓவரில பேஸைக் குறைச்சால் முழு அறைக்கும் குறையும், ஒரு தட்டுக்கு மட்டும் குறைக்க ஏலாது. அப்ப இரண்டு பாட்டை ஒரு நிமிசம் சேர்த்து ஓட்டவேணும் என்றால் என்ன செய்வது? இரண்டிலும் பேஸ்லைன் ஓடினால் கீழ்ச்சத்தம் கூடி ஸ்பீக்கர் உறுமும், இல்லையென்றால் ஒன்றையொன்று வெட்டி அடி காணாமல் போகும். ஆகவே ஒரு பாட்டில் பேஸ் இல்லாத, தாளம் மட்டும் ஓடுகிற இடம் வேணும். அநேகமான தட்டில் அந்த இடம் நாலு பார்தான் இருக்கும்.

ரீல்நாடா அண்ணை சொன்ன வெட்டு வேலை ஏன் வந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். நாலு பாரை முப்பத்திரண்டு பாராக்கினால்தான் அந்த அறையில் வடிவாகக் கலக்கலாம். இன்றைக்கும் ஹவுஸ் ட்ராக் எல்லாம் முதல் 32 பார் வெறும் தாளத்தோடு தொடங்குகிறது அந்தத் தேவையின் மிச்சம்தான். வீட்டில் ஹெட்ஃபோனில் கேட்டால் இந்தத் தொடக்கம் சலிப்பாகத்தான் இருக்கும். கேட்பவர் சலிக்கிறார் என்று அதை எட்டு பாராகக் குறைச்சு அனுப்புகிற ஆக்களின்ட ட்ராக்கை எந்த டிஜேயும் இரண்டாம் முறை எடுக்கமாட்டார்.

#6 அடித்தளம்

இழை நன்றாகப் போகிறது, ஆனால் கசப்பான விஷயத்தைத் தொடாமல் போகக் கூடாது. "யுவர் லவ்". நக்கிள்ஸின் மிகப் புகழ்பெற்ற பதிவு என்று எல்லாப் பட்டியலிலும் முதலில் வரும். எழுதிப் பாடி, டெமோவாகப் பதிந்தவர் ஜேமி பிரின்சிபிள். அந்த டேப்பை நக்கிள்ஸ் தன் கிளப்பில் ஓட்டி ஓட்டிப் பிரபலமாக்கினார், பிறகு அவரோடு சேர்ந்து மறுபடி பதிந்தார். 1987-ல் ட்ராக்ஸ் வெளியிட்டபோது தட்டின் மேல் கலைஞர் பெயராக நக்கிள்ஸ் பெயர் நின்றது. பாடியவர் பெயர் பின்னுக்குப் போனது.

இதோடு நிற்கவில்லை. 1991-ல் "தி சோர்ஸ்" என்ற பெயரில், கேண்டி ஸ்டேட்டனின் தனிக்குரலை "யுவர் லவ்"வின் இசைமேல் ஏற்றிய பதிவு பிரிட்டனில் 4-ம் இடம் வரை போனது. அந்த இசையில் சுருதிகள் ஒவ்வொன்றாக அடுக்கி வரும் வரி, ஆர்ப்பெஜியோ, உலகத்துக்கே தெரியும். அதை வாசித்தவர் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

நக்கிள்ஸ் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் டிஜேக்கு இருந்த செல்வாக்கு பாட்டுக்காரரின் பெயரை மறைத்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

#7 தாளக்கட்டு

அடித்தளம், நீங்கள் சொன்ன உண்மைகளை மறுக்கவில்லை. ஆனால் பழியை ஒருவர் தலையில் மட்டும் வைக்க முடியாது. அந்த வட்டாரத்தில் எழுத்தில் எதுவும் இல்லாமல் டேப் கைமாறியது. 1989-ல் வந்த "டியர்ஸ்" தட்டைப் பாருங்கள். "ஃபிராங்கி நக்கிள்ஸ் வழங்கும் சடோஷி டோமியே, பாடியவர் ராபர்ட் ஓவன்ஸ்" என்று மூன்று பெயரும் முகப்பிலேயே இருக்கிறது. இரண்டே ஆண்டில் பெயர் போடும் முறை மாறிவிட்டது. மேலாளரும் ஒப்பந்தமும் உள்ள இடத்துக்கு வந்ததன் விளைவு என்றுதான் நான் படிக்கிறேன்.

#8 உரிமைப்பத்திரம்

சட்டப் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன், இதில்தான் புதியவர்கள் அதிகம் கோட்டைவிடுகிறார்கள்.

ட்ராக்ஸ் விஷயம் நீதிமன்றம் வரை போனது. அங்கே பதிவு வெளியிட்ட லாரி ஹேர்டும் ராபர்ட் ஓவன்ஸும் 2020-ல் ட்ராக்ஸ் மேல் வழக்கு போட்டார்கள். 2022-ல் சமரசமாகி, தங்கள் பதிவுகளின் உரிமை அவர்களிடமே திரும்பியது. அதே ஆண்டு மார்ஷல் ஜெஃபர்சன் உள்ளிட்ட வேறு பலரும் வழக்குத் தொடுத்தார்கள். 1980களில் போடாத ஒரு தாளுக்காக முப்பத்தைந்து ஆண்டு கழித்து வக்கீல்.

அமெரிக்கச் சட்டத்தில் இன்னொரு வழியும் உண்டு. 1978-க்குப் பிறகு படைப்பாளி எழுதிக்கொடுத்த உரிமையை 35 ஆண்டு கழித்துத் திரும்பப் பெறலாம். அந்த வாசல் ஐந்து ஆண்டுகள் திறந்திருக்கும். எழுத்து மூலமான நோட்டீஸ் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு முன்னதாகக் கொடுக்க வேண்டும். 1990-ல் கையெழுத்திட்டதற்கு வாசல் 2025-லிருந்து 2030 வரை, நோட்டீஸுக்குக் கடைசி 2028. (வெளியிடும் உரிமையும் ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தால் தொடக்க நாள் கணக்கு சற்று மாறும்.) கூலிக்குச் செய்த வேலை என்று ஒப்புக்கொண்ட படைப்புக்கு இது பொருந்தாது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள உரிமை இதனால் திரும்பாது என்பதே நெடுநாள் நிலைப்பாடு, அதிலும் இப்போது சர்ச்சை உண்டு.

இப்போது ட்ராக் செய்கிறவர்களுக்கு: ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. பாட்டு ஒன்று, பதிவு ஒன்று. பங்குத் தாளில் இரண்டுக்கும் தனித்தனியாகச் சதவீதம் போடுங்கள், இரண்டும் தனித்தனியாக 100 வர வேண்டும். சட்டப்படியான முழுப்பெயர், மேடைப்பெயர், செய்த வேலை, எந்த உரிமைச் சங்கத்தில் உறுப்பினர், உறுப்பினர் எண், தேதி, கையெழுத்து. பதிவு முடிந்த அன்றே, எல்லோரும் அறையில் இருக்கும்போதே எழுதுங்கள். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு யாரும் குறைந்த சதவீதத்துக்குக் கையெழுத்திட மாட்டார்கள்.

ரீமிக்ஸ் செய்பவருக்கு வழக்கமாக ஒரே தடவை கூலி, பாட்டில் பங்கு கிடையாது. அடியிலிருந்த இசை முழுவதையும் நீங்களே புதிதாகப் போட்டிருந்தாலும் அப்படித்தான். வேறு வருமானம் எங்கே என்று பாருங்கள். அமெரிக்காவில் இணைய வானொலிக்கான பணத்தை சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு பிரிக்கிறது: பதிவின் உரிமையாளருக்கு 50, முன்னிலைக் கலைஞருக்கு 45, பக்க வாத்தியக்காரர்களுக்கு 5 சதவீதம். முன்னிலைக் கலைஞர் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்தால் அவர் பங்கிலிருந்து புரொடியூசருக்கு நேராகவே வரும். சாதாரண எஃப்எம் வானொலி அங்கே பதிவுக்குப் பணம் தருவதே இல்லை, பாட்டு எழுதியவருக்கு மட்டும்தான். பிரிட்டனில் ரீமிக்ஸில் நீங்கள் வாசித்தது கேட்கும்படி இருந்தால் பிபிஎல்லில் (பதிவுகளுக்கான பணத்தை வசூலித்துப் பிரிக்கும் அமைப்பு) கலைஞராகப் பதிய இடமுண்டு.

#9 நிலவொளி

ஒரே தடவை கூலிதான் என்றால் டெஃப் மிக்ஸ் எப்படி இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்தது? அங்கே வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

#10 ரீல்நாடா

அளவுதான் காரணம். தனி ஆளாக ரீமிக்ஸ் செய்தால் மாதத்துக்கு ஒன்றிரண்டு. டெஃப் மிக்ஸ் ஓர் அணி. ஜூடி வைன்ஸ்டீன் அதற்கு முன்பே "ஃபார் த ரெகார்ட்" என்ற ரெகார்ட் பூல் நடத்தியவர். கம்பெனிகள் வெளியிடுவதற்கு முன்பே டிஜேக்களுக்குத் தட்டு கொடுக்கும் சங்கம் அது. எந்தக் கம்பெனியில் யார் ரீமிக்ஸ் முடிவெடுக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். கேட்டு வாங்குவது, விலை பேசுவது, பணம் வசூலிப்பது அவர் வேலை. டிஜே ஸ்டூடியோவிலும் மேடையிலும் மட்டும் இருந்தால் போதும். எரிக் கப்பர், சடோஷி டோமியே, டெர்ரி பர்ரஸ் போன்ற கைதேர்ந்த கீபோர்டுக்காரர்கள் கூடவே இருந்தார்கள்.

வேலை முறைக்கு வருகிறேன். நக்கிள்ஸின் பெரிய ரீமிக்ஸ்களில், சாகா கானின் "ஏன்ட் நோபடி" 1989, லிசா ஸ்டான்ஸ்ஃபீல்டின் "சேஞ்ச்" 1991, பாடகியின் குரல் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பாட்டாகவே இருக்கும். ஒரு வரியை மட்டும் வெட்டி நூறு முறை ஒலிக்கவிடும் வேலை அல்ல அது. குரலைத் தவிர மற்றதெல்லாம் மாற்றப்படும்: பியானோ, ஸ்ட்ரிங்ஸ், பேஸ்லைன், தாளம்.

கடினமான இடம் குரலின் டெம்போ. 112-ல் பாடியதை டேப்பை வேகமாக்கி 120-க்குக் கொண்டுவந்தால் 7 சதவீத வேகம். சுருதி 1.2 செமிடோன் (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு இடையிலான தூரம் ஒரு செமிடோன்) ஏறும், பாடகி சின்னப் பிள்ளை மாதிரி ஒலிப்பார், எந்த சுருதியிலும் சரியாக உட்காரவும் மாட்டார். அப்போதைய ஸ்டூடியோக்களில் அகாய் எஸ்1000 சாம்பிளரில் வரி வரியாக ஏற்றி, ஒவ்வொரு வரியையும் புது டெம்போவில் அதன் இடத்தில் தொடங்கவிடுவார்கள். அந்தக் கருவி 2 மெகாபைட் நினைவகத்தோடு வந்தது. 44.1 கிலோஹெர்ட்ஸில் மோனோ என்றால் 23 நொடிதான் பிடிக்கும். நினைவகம் கூட்டாமல் ஒரு சரணம்கூட முழுதாக ஏறாது.

வரியின் தொடக்கம் பீட்டில் உட்கார்ந்தாலும் நடுவிலும் கடைசியிலும் பிந்தும். நீண்ட வரியை இரண்டு மூன்றாக, மூச்சு விடும் இடத்தில் வெட்ட வேண்டும். உயிரெழுத்து நீளும் இடத்தில் வெட்டினால் உடைவு கேட்கும். "ஸ்", "ட்", "க்" போன்ற மெய்க்கு முன்னால் வெட்டினால் மறைந்துவிடும். இன்று கணினி இழுத்துத் தருகிறது, இருந்தும் 8 சதவீதத்துக்கு மேல் இழுக்கும்போது இதே விதிதான் காப்பாற்றும்.

120-ல் ஒரு பார் 2 நொடி. ஏழு நிமிட 12 அங்குல மிக்ஸ் என்றால் 210 பார். அதில் முதல் 32, கடைசி 32 டிஜேக்கு. மீதி 146 பாரில்தான் பாட்டு சொல்லியாக வேண்டும்.

#11 அடித்தளம்

அப்படியென்றால் கீபோர்டு வாசித்தவர் வேறு, "த விசில் சாங்"கை கூடச் சேர்ந்து எழுதியது எரிக் கப்பர், மிக்ஸ் டெஸ்க்கில் இருந்தவர் வேறு. நக்கிள்ஸ் செய்தது என்ன என்று கேட்பவர்களுக்கு என்ன பதில்?

#12 ஸ்கார்பரோவான்

எதை வைக்கிறது, எதை எடுக்கிறது, எது எத்தனை பார் நிற்கவேணும் என்ற முடிவு. ஆயிரக்கணக்கான ஆக்கள் ஆடுகிற தரைக்கு முன்னால் பதினைந்து வருசம் நின்றவருக்கு, ஸ்ட்ரிங்ஸ் எட்டு பார் பிந்தி வந்தால் என்ன நடக்கும் என்று வாசிக்காமலே தெரியும். "த விசில் சாங்" 1991-ல் வந்தபோது மற்ற ஹவுஸ் எல்லாம் சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் அலறல் இல்லை, கத்துகிற குரல் இல்லை, புல்லாங்குழல் மாதிரி ஒரு மெட்டு மட்டும். அதை அப்படியே விடவேணும் என்று முடிவெடுக்கத் துணிவு வேணும். புரொடியூசர் என்றால் அந்தத் துணிவுக்குத்தான் சம்பளம்.

#13 கடைசிவண்டி

இன்றைய நடைமுறைக்கு வருவோமா? ஒரு லேபிளிடமிருந்து ரீமிக்ஸ் வேலை வந்தால் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும், திருப்பி என்ன கொடுக்க வேண்டும்? அப்படியே டிஜே வேலைக்கு யூஎஸ்பி தயாரிப்பதில் என்ன கவனம்?

#14 தாளக்கட்டு

வாங்க வேண்டியது: எல்லாக் கோப்பும் பாட்டின் முதல் நொடியிலிருந்து ஒரே நீளத்தில், 24 பிட் வேவ். எதிரொலி போட்ட குரல் ஒன்று, போடாத குரல் ஒன்று. டெம்போவும் சுருதியும் எழுத்தில். அசலின் முடிந்த மிக்ஸ் ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க. எதிரொலி ஏறிய குரல் மட்டும் வந்தால் திருப்பிக் கேளுங்கள். 104-ல் ஏற்றிய எதிரொலி 122-ல் எப்போதும் தாளம் தப்பும்.

கொடுக்க வேண்டியது: முழு மிக்ஸ், குரலில்லாத மிக்ஸ், சுருக்கமான வானொலி வடிவம். மாஸ்டரிங்குக்கு (வெளியிடும் முன் கடைசியாக ஒலியைச் சீர்செய்வது) அனுப்புவதில் உச்சம் -3-லிருந்து -6 டெசிபெல் வரை இருக்கட்டும், உச்சத்தை அமுக்கும் லிமிட்டர் வேண்டாம்.

வினைல் வரப்போகிறதென்றால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோ. கீழ்ச்சத்தம் இடமும் வலமும் எதிர் கட்டத்தில் (ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி) இருந்தால் பள்ளம் மேலும் கீழும் ஆழமாகி ஊசி குதிக்கும். 45 சுழற்சியில் 12 அங்குலத் தட்டுக்கு ஒரு பக்கம் 9, 10 நிமிடத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் சத்தம் குறையும். கூர்மையான ஹைஹேட், "ஸ்" ஒலி இரண்டும் தட்டின் உட்பகுதியில் சிதறும். பிரகாசமான ட்ராக்கைத் தட்டின் வெளிப்பக்கம் முதலில் வையுங்கள்.

யூஎஸ்பி இரண்டு, இரண்டிலும் ஒரே சரக்கு, இரண்டும் ஃபேட்32 என்ற வகையில் ஃபார்மட் செய்தது. பழைய சிடிஜேக்களும் (கிளப்களில் உள்ள டிஜே பிளேயர்) படிக்கும். பழைய சிடிஜே-2000 நெக்ஸஸில் ஃப்ளாக் வகைக் கோப்பு ஓடாது, 96 கிலோஹெர்ட்ஸும் ஓடாது. 44.1-லேயே வைத்துக்கொள்ளுங்கள். சில இணையக் கடைகளில் வாங்கும் வேவ் கோப்பில் தலைப்புத் தகவல் வேறு வகையில் எழுதப்பட்டிருக்கும். கணினியில் பாடும், சிடிஜேயில் இ-8305 என்று பிழை காட்டி நின்றுவிடும். ஏஐஎஃப்எஃப் வகைக் கோப்பாக மாற்றினால் தீரும். வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள், மேடையில் கண்டுபிடிக்க வேண்டாம்.

மானிட்டர் ஸ்பீக்கர் காது உயரத்தில், உங்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தின் தொழில்நுட்பத் தாளில் எழுதுங்கள். முன்பணம் பாதி, மீதி மேடை ஏறுவதற்கு முன்.

#15 அடித்தளம்

கடைசியாக ஒரு விஷயம். இந்தத் தொழிலில் உடம்பும் முதலீடு. நக்கிள்ஸுக்கு நீரிழிவு இருந்தது. 2000களின் தொடக்கத்தில் பனிச்சறுக்கில் அடிபட்ட பாதத்தை 2008-ல் எடுக்க வேண்டியதாயிற்று. அதே 2008-ல்தான் ஹெர்குலிஸ் அண்ட் லவ் அஃபேரின் "பிளைண்ட்" ரீமிக்ஸ் வந்தது. அதற்குப் பிறகும் ஆறு ஆண்டுகள் மேடையில் நின்றார். மேலாளரும் அணியும் இருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று என்று தாளக்கட்டு சொன்னதை இந்த இடத்தில் நான் முழுக்க ஏற்கிறேன்.

சிகாகோ நகரம் 2004-ல் ஜெஃபர்சன் தெருவின் அந்தப் பகுதிக்கு அவர் பெயர் வைத்தது. 2023-ல் வேர்ஹவுஸ் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. அவருடைய தட்டுகள் சிகாகோவில் ஸ்டோனி ஐலண்ட் ஆர்ட்ஸ் பேங்க் என்ற கலைக் காப்பகத்தில் இருக்கின்றன. தட்டு தப்பித்துவிடும். அந்தக் காலத்து ரீல்களின் கதி என்ன?

#16 ரீல்நாடா

ரீல்தான் ஆபத்தில் இருப்பது. 1970களின் நடுவிலிருந்து வந்த ஆம்பெக்ஸ் 406, 456 போன்ற டேப்களில் காந்தப் பொடியைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி இளகிவிடும். அப்படியே ஓட்டினால் கிறீச்சிடும், ஹெட்டில் பழுப்பாக அப்பும், அப்பியது உங்கள் பதிவு.

யாரிடமாவது பழைய டிஜே ரீல் இருந்தால் முதலில் ஓட்டிப் பார்க்காதீர்கள். பாலியெஸ்டர் டேப்பா என்று பாருங்கள்: ரீலை விளக்குக்கு நேரே பக்கவாட்டில் பிடித்தால் ஒளி ஊடுருவினால் அது அசிடேட், அதைச் சூடாக்கவே கூடாது. பாலியெஸ்டர் என்றால் உலோக ரீலில் தளர்வாகச் சுற்றி, 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரம், காற்று சுழலும் உணவு உலர்த்தியிலோ ஆய்வக அடுப்பிலோ வைப்பார்கள். சமையல் அடுப்பு வேண்டாம், வெப்பம் ஏறி இறங்கும். பாதி நேரத்தில் ஒரு முறை புரட்டி வையுங்கள். அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகே தொட வேண்டும். அதன்பின் சில வாரங்கள் ஓடும் நிலையில் இருக்கும், அதற்குள் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் எடுத்துவிடுங்கள்.

வெட்டி ஒட்டிய ரீலில் இன்னொரு வேலை உண்டு. நாற்பது ஆண்டுப் பழைய ஒட்டு காய்ந்து பிரியும், இல்லை பசை வழிந்திருக்கும். ஒரே எடிட்டில் நூறு ஒட்டு இருந்தால் நூற்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் புது நாடா போட்டாக வேண்டும். பிரிந்த துண்டுகளின் வரிசை மாறினால் அந்த எடிட்டே போயிற்று, ஏனென்றால் அதற்கு வேறு பிரதி கிடையாது. ஒவ்வொரு துண்டின் முதுகிலும் பிரிப்பதற்கு முன்பே எண்ணும் அம்புக்குறியும் போடுங்கள். எடுத்து முடித்ததும் பாட்டின் வால் வெளியே இருக்கும்படி சுற்றிவைத்து, பெட்டியை நிற்கவைத்து அடுக்குங்கள்.